இருந்தால், இருந்திருந்தால்



"என்னிடம் பணம் இருந்தால் தருவேன்" என்று உங்கள் நண்பர் ஒருவர் சொல்லுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் பணம் இருக்கிறதா, இல்லையா? சட்டைப் பையைத் துழாவிக்கொண்டே அவர் சொன்னால், இருக்கவும் கூடும், இல்லாமற்போகவும் கூடும் என்று கொள்ளுகிறோம். இரு கைகளையும் விரித்து, ஒரு பெருமூச்சோடு அவர் சொன்னாராயின், இல்லை என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. சொற்கள் ஈரிடத்தும் அவையே. ஓர் எழுத்தும் மாறவில்லை. பொருளைப் பிரித்துக் காட்டியவை அவருடைய கையும், முகமும், குரலுமே.

இதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்ல வருபவனுக்கு அந்த வசதி கிடையாது. பணம் இருக்கக்கூடும் என்றால், 'இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் கிவ்' என்று அவன் சொல்லவேண்டும். பணம் இல்லை என்றால், 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் கிவ்' என்று சொல்லவேண்டும். 'ஹேவ்' என்பது 'ஹேட்' ஆயிற்று. 'வில்' என்பது 'வுட்' ஆயிற்று. இவ்விரு சிறு மாற்றங்களால், 'என்னிடம் பணம் இல்லை' என்ற செய்தி வாக்கியத்துக்குள்ளேயே வந்து அமர்ந்துகொள்ளுகிறது. முகம் காணாத தொலைபேசியில் சொன்னாலும், கடிதத்தில் எழுதி அனுப்பினாலும், கேட்பவன் ஐயுறுவதற்கு இடமில்லை.

இவ்வகை வாக்கியங்களை ஆங்கில இலக்கண நூல்கள் நிபந்தனை வாக்கியங்கள் என்னும் தலைப்பில் வைத்து, முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று எண்ணிட்டுத் தருகின்றன. எண்களை நெட்டுருப்போட்டவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே அவற்றை மறந்துவிடுவது இயல்பு. எண்களுக்குப் பின்னால் நிற்கும் பொருளைக் கண்டுகொண்டவர்களுக்கோ மறதி என்பதே இல்லை. அந்தப் பொருளைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

இதைப் பற்றி நான் ஆழ்ந்து எண்ண நேர்ந்த இடம் மூக்கண்டப்பள்ளி. ஓசூரிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் அது. கர்நாடக எல்லைக்கும் அதற்கும் சில கிலோமீட்டர்களே இடைவெளி. 1971ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் அமைத்த தொழிற்பேட்டை அவ்வூரை அடுத்தே விரிந்து கிடக்கிறது. கைக்கடிகாரமும், மோட்டார் சைக்கிளும், லாரியும் உருவாகின்ற ஓசூர் வட்டாரத்தில், வேலை தேடி வருகின்ற இளைஞர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்களுள் சிலருக்கு, ஷிப்டு முடிந்த மாலை வேளைகளில், ஆங்கிலம் சொல்லித் தரும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகள் கிடைத்தது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டிஸ்களாக இருந்தவர்களே பெரும்பாலோர்.

என் வகுப்பில் நான்கு தாய்மொழிகள் இருந்தன. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தமிழ் பேசினர். தளி, பாகலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினர். ஓசூர் நகரத்து இளைஞர் இருவர் உருது பேசினர். தேநீர்க் கடையில் இந்நான்கும் கலந்து ஒலிக்கும். ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளுவதில் எவருக்கும் இடர்ப்பாடு இருந்ததில்லை. ஆனால் தொழிற்சாலைக் காகிதம் என்று வந்துவிட்டால், அங்கே ஆங்கிலமே ஆட்சி செய்தது. மேலாளர் ஒரு மாநிலத்தவர், பொறியாளர் வேறொரு மாநிலத்தவர். எல்லாரும் படிக்கத்தக்க பொது எழுத்து அதுவொன்றே. எனவே, வாயால் நான்கு மொழியிலும் தெளிவாகப் பேசக்கூடிய இளைஞர், கையால் எழுதும்போது ஆங்கிலம் ஒன்றையே நம்பவேண்டியிருந்தது. கையெழுத்துக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, பாடத்துக்கு வருவோம். நம் பழமொழிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பது ஒன்று. 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா' என்பது மற்றொன்று. முதற் பழமொழி நாள்தோறும் நடக்கக்கூடியதைச் சொல்லுகிறது. எந்த உழவரும் இன்றிரவே கணக்குப் பார்க்கலாம். உழக்கு மிஞ்சாததையும் காணலாம். இரண்டாவது, நடவாததைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறது. ஆயினும், 'பார்த்தால்' என்பதும் 'முளைத்தால்' என்பதும் ஒரே அச்சில் வார்த்த சொற்களாகவே இருக்கின்றன. ஒன்று கூடும், மற்றொன்று கூடாது என்பதை நாம் உலக அறிவால் உணருகிறோம். வினைச்சொல் நமக்கு அதை உணர்த்துவதில்லை.

ஆங்கிலேயர்களிடமும் இதை ஒத்த பழமொழி ஒன்று உண்டு. விருப்பங்களெல்லாம் குதிரைகளாக இருந்தால் பிச்சைக்காரர்களும் சவாரி செய்வார்கள் என்பது அதன் கருத்து. அதில் அவர்கள் 'ஆர்' என்று சொல்லாமல் 'வேர்' என்று சொல்லுகிறார்கள். 'வில்' என்று சொல்லாமல் 'வுட்' என்று சொல்லுகிறார்கள். விருப்பங்கள் குதிரைகள் அல்ல என்பதை அந்த 'வேர்' அறிவித்துவிடுகிறது.

இங்கே மாணவர்கள் வழக்கமாக ஒரு வினா எழுப்புவார்கள். "ஐயா, 'வேர்' என்பதும் 'ஹேட்' என்பதும் இறந்தகாலச் சொற்களாயிற்றே! இப்போது பணம் இல்லை என்று சொல்லுவதற்கு இறந்தகாலம் எதற்கு?" என்பது அவர்கள் வினா. நியாயமான வினாவே. இதற்கு விடையை ஆங்கில நூல்களில் தேடும்முன், நம் வாயிலேயே தேடிப் பார்க்கலாம்.

'வந்தேன்' என்னும் சொல்லைப் பகுத்துப் பாருங்கள். அதில் இறந்தகால இடைநிலையாகிய தகரம் இருக்கிறது. 'வந்தால்' என்னும் சொல்லைப் பகுத்துப் பாருங்கள். அதே தகரம் அங்கேயும் இருக்கிறது. 'போனேன்' என்பதற்குப் 'போனால்', 'உண்டேன்' என்பதற்கு 'உண்டால்' என்று இணை அமைந்திருக்கிறது. நாளை வரப்போகிற விருந்தாளியைப் பற்றி, 'அவர் நாளைக்கு வந்தால்' என்று நாம் சொல்லும்போது, இறந்தகால உருவத்தை எதிர்காலத்துக்கு வைக்கிறோம். யாரும் அதைக் கேட்டு வியப்பதில்லை. 'வருவால்' என்றோ 'வரும்ஆல்' என்றோ எந்தக் குழந்தையும் சொல்லியதில்லை. எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் 'பந்தரெ' என்பார்கள்; அங்கேயும் இறந்தகால அடியே நிபந்தனைக்கு அடிப்படையாகிறது. ஆகவே, இறந்தகால உருவம் இறந்தகாலத்தை விட்டு விலகி வேறு பணி செய்வது நமக்குப் புதிதன்று.

பழைய இலக்கண ஆசிரியர்களும் இதனை அறிந்தவர்களே. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன், கங்கர் மரபில் வந்த சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். கங்கர்களின் பழைய தலைநகரான கோலார், ஓசூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. எனவே, நாம் பேசுகின்ற எல்லைப் பகுதிக்கு நன்னூல் ஒருவகையில் அண்டை வீட்டுச் சொத்து எனலாம். அந்நூல் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை எதிர்காலத்துக்கு உரியதாக வகுக்கிறது. 'பெய்யின்', 'வரின்' என்று பண்டைத் தமிழில் வழங்கிய அவ்விடத்திலேதான் இன்று நாம் 'பெய்தால்', 'வந்தால்' என்கிறோம். மேலும், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்துக்குரிய சொல் மற்றொரு காலத்தில் வரலாம் என்றும் நன்னூல் இசைவு தருகிறது. சோறு உண்டுகொண்டிருப்பவன், வாயிலில் நின்று அழைக்கும் நண்பனிடம், "இதோ வந்துவிட்டேன்" என்கிறானே, அது விரைவு பற்றி வந்த இறந்தகாலம். வினைச்சொல்லின் உருவம் எப்போதும் கடிகார முள்ளைப் பார்த்தே நடப்பதில்லை என்பது நம் இலக்கணத்தின் பழைய பாடம்.

டென்மார்க்கு நாட்டில் பிறந்து ஆங்கில இலக்கணத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஓட்டோ எஸ்பர்சன், 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இலக்கணத் தத்துவம்' என்னும் பொருள்தரும் தலைப்புடைய நூலில், ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகளில் இறந்தகால உருவம் காலத்தைக் குறிக்காமல் உண்மையல்லாததைக் குறிக்க வருவதை எடுத்துக்காட்டினார். இதை நான் மாணவர்களுக்கு வேறு சொற்களில் சொல்லுவதுண்டு. இறந்தகாலம் என்பது நம்மைவிட்டு விலகிப்போனது. விலகிப்போனதைக் காட்டும் அவ்வுருவத்தையே, உண்மையை விட்டு விலகியிருப்பதைக் காட்டவும் ஆங்கிலம் எடுத்து ஆளுகிறது. 'ஹேவ்' அருகில் நிற்கிறது. 'ஹேட்' ஓரடி விலகி நிற்கிறது. காலத்தில் விலகினாலும் ஓரடி. உண்மையிலிருந்து விலகினாலும் ஓரடி. வேண்டுகோளில் 'கேன் யூ' என்பதைவிடக் 'குட் யூ' என்பது பணிவாக ஒலிப்பதும் இதே காரணத்தால்தான். பெரியவர் முன் ஓரடி விலகி நிற்பது மரியாதை அன்றோ?

இந்த ஓரடிக் கணக்கை மனத்திற்கொண்டால் ஆங்கில நிபந்தனை வாக்கியங்கள் அனைத்தும் வரிசைக்கு வந்துவிடும்.

முதற்படியில் விலகலே இல்லை. நந்தி மலைப் பகுதியில் மழை பெய்தால் தென்பெண்ணையில் நீர் வரும். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை நிரம்பும். மழை பெய்யலாம், பெய்யாமலும் இருக்கலாம். கதவு திறந்தே இருக்கிறது. 'இஃப் இட் ரெயின்ஸ், த டேம் வில் ஃபில்' என்று ஆங்கிலத்தில் நிகழ்கால உருவத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

இரண்டாம் படியில் ஓரடி விலகல். வானத்தில் மேகமே இல்லாத சித்திரை மாதத்தில், வறண்ட அணையைப் பார்த்து ஒருவர் ஏங்குகிறார். 'இப்போது மழை பெய்தால் அணை நிரம்புமே' என்கிறார். பெய்யும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. ஆகவே, 'இஃப் இட் ரெயிண்ட் நௌ, த டேம் வுட் ஃபில்' என்று ஒவ்வொரு வினையும் ஓரடி பின்வாங்குகிறது. பேசப்படும் காலமோ நிகழ்காலந்தான். 'இஃப் ஐ வேர் யூ' என்று தொடங்கி அறிவுரை கூறுகிறார்களே, அதுவும் இவ்வகையே. நான் நீயாக ஒருகாலும் ஆகமுடியாது. எனவே 'ஆம்' என்பது 'வேர்' ஆகி விலகி நிற்கிறது.

மூன்றாம் படியில் ஈரடி விலகல். சென்ற ஆண்டு மழை பெய்யவில்லை, அணையும் நிரம்பவில்லை. 'சென்ற ஆண்டு மழை பெய்திருந்தால் அணை நிரம்பியிருக்கும்' என்கிறோம். சென்ற ஆண்டு என்பதால் காலத்தில் ஓரடி. பெய்யவில்லை என்பதால் உண்மையிலிருந்து மற்றோரடி. ஆகையால், 'இஃப் இட் ஹேட் ரெயிண்ட், த டேம் வுட் ஹேவ் ஃபில்டு' என்று ஆங்கில வினை ஈரடி நடந்து பின்னால் போய் நிற்கிறது. தமிழில் நாம் 'இரு' என்னும் துணைவினையைச் சேர்த்து அவ்வேலையைச் செய்துகொள்ளுகிறோம். கன்னடத்தார் 'பந்தித்தரெ' என்றும், தெலுங்கர் 'வச்சி உண்டே' என்றும், தத்தம் மொழியில் 'இரு' என்னும் பொருளுடைய வினையையே துணைக்கு அழைக்கின்றனர். மூன்று உடன்பிறந்த மொழிகளுக்கும் இவ்விடத்தில் சிந்தனை ஒன்றாகவே ஓடுகிறது.

உருது பேசிய இளைஞர்கள் இருவருக்கும் இரண்டாம் படியும் மூன்றாம் படியும் மற்றவர்களைவிட எளிதில் பிடிபட்டன. அவர்கள் மொழியில் வரக்கூடியவனைப் பற்றி 'ஆயா தோ' என்றும், வாராதவனைப் பற்றி 'ஆத்தா தோ' என்றும் வேறு வேறு உருவங்கள் இருப்பதே அதற்குக் காரணம். மெய்யான நிபந்தனைக்கும் பொய்யான நிபந்தனைக்கும் வெவ்வேறு சட்டை தைத்துப் போடும் வழக்கம் அவர்களுக்கு வீட்டிலேயே பழகியிருந்தது.

இம்மூன்றோடு பாடநூல்கள் பல நிறுத்திவிடுகின்றன. ஆனால், வாழ்க்கையில் மிகவும் தேவையான நான்காவது ஒன்று உண்டு. கடந்த காலத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். நடந்ததா, நடக்கவில்லையா என்பது நமக்குத் தெரியாது. 'அவர் நேற்று வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்' என்னும் தமிழ் வாக்கியத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். 'அவர் வரவில்லை; ஆகையால் கையெழுத்தும் இல்லை' என்பது ஒரு பொருள். 'வந்தாரோ, இல்லையோ, நானறியேன். வந்தது உண்மையானால் கையெழுத்து இருக்கும், புத்தகத்தைத் திறந்து பாருங்கள்' என்பது மற்றொரு பொருள். முதற்பொருள் ஒரு தீர்ப்பு. இரண்டாவது பொருள் ஒரு தேடல். தமிழ் வாக்கியம் இரண்டையும் தாங்குகிறது. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'இஃப் ஹி ஹேட் கம், ஹி வுட் ஹேவ் சைண்டு'; பின்னதற்கு 'இஃப் ஹி கேம், ஹி வில் ஹேவ் சைண்டு'. காலத்துக்காக மட்டும் ஓரடி விலகினால் 'கேம்'. உண்மையிலிருந்தும் விலகினால் 'ஹேட் கம்'. இவ்வேறுபாடு ஒரு மனிதரின் வேலையையே அசைத்துப் பார்த்த நிகழ்ச்சி ஒன்றை என் வகுப்பு கண்டது. தொழிற்சாலையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டுவதில்லை.

ஓரிரவு ஷிப்டில், காற்றழுத்த இயந்திரம் ஒன்றில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தபோது, தொழிலாளி ஒருவருக்கு விரலில் அடிபட்டது. வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை எலெக்ட்ரீஷியன் நிறுத்தினாரா என்பது கேள்வி. அவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர், வயதில் மூத்தவர், புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக் கொடுப்பவர். அன்றிரவு அங்கிருந்த அப்ரண்டிஸ்களுள் ஒருவர் என் மாணவர். தெரிந்ததை எழுதிக் கொடு என்று அவரிடம் காகிதம் நீட்டப்பட்டது. சுவிட்சு இருந்த அறையில் தாம் இல்லை என்பதால், அவருக்கு உள்ளபடி ஒன்றும் தெரியாது. ஆயினும், அந்த மூத்தவரின் வழக்கத்தை அவர் அறிவார். 'அவர் மெயினை நிறுத்தியிருந்தால் பதிவேட்டில் எழுதியிருப்பார்' என்று மனத்துக்குள் தமிழில் எண்ணினார். பதிவேட்டைப் பார்க்கட்டும் என்பதே அவர் கருத்து. அவ்வெண்ணத்தை, வகுப்பில் கற்ற மூன்றாம் படியில் ஏற்றி, 'இஃப் ஹி ஹேட் ஸ்விட்ச்டு ஆஃப் த மெயின், ஹி வுட் ஹேவ் ரிட்டன் இட் இன் த ரிஜிஸ்டர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

தமிழ் அறியாத அதிகாரி அதனைப் படித்தார். ஆங்கிலம் அறிந்த எவரும் எப்படிப் படிப்பார்களோ, அப்படியே படித்தார். 'அவர் மெயினை நிறுத்தவில்லை' என்று ஒரு சாட்சி கையெழுத்திட்டுச் சொல்லியிருப்பதாகவே அவருக்குப் பட்டது. இரண்டு நாளில் எலெக்ட்ரீஷியனுக்கு மெமோ வந்தது. என் மாணவர் அன்று மாலை வெளிறிய முகத்தோடு வகுப்புக்கு வந்து, தாம் எழுதியதன் நகலை என் முன் வைத்தார். "ஐயா, இதில் எங்கே பிழை இருக்கிறது? நான் அவரைக் குற்றம் சொல்லவே இல்லையே!" என்றார்.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமே இல்லை. தேர்வுத்தாளில் வந்திருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். பிழையற்ற அவ்வாக்கியம், எழுதியவர் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சாட்சி சொல்லிவிட்டது. அதுதான் அதில் இருந்த துன்பம். 'ஹேட்' என்பதை நீக்கி, 'வுட்' என்பதை 'வில்' ஆக்கி, இரண்டு சொற்களைத் திருத்தினோம். 'அவர் நிறுத்தினாரா என்பதை நான் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்க்க வேண்டுகிறேன்' என்று ஐயத்துக்கு இடமில்லாத இரண்டு வரிகளையும் சேர்த்து, மறுநாட் காலை புதிய கடிதமாக அவர் கொடுத்தார். பதிவேடு திறக்கப்பட்டது. அன்றிரவுப் பக்கத்தில், நேரம் குறித்து, மூத்தவரின் கையெழுத்தோடு குறிப்பு இருந்தது. மெமோ திரும்பப் பெறப்பட்டது. விபத்துக்குக் காரணம் வேறிடத்தில் தேடப்பட்டது.

இதனால், தமிழ் தெளிவற்ற மொழி என்று எவரும் கருதிவிடவேண்டா. தெளிவு வேண்டியபோது அதற்குரிய கருவிகள் நம்மிடமும் உண்டு. 'எழுதியிருப்பாரே' என்று ஈற்றில் ஓர் ஏகாரத்தைச் சேர்த்தால், அவர் எழுதவில்லை என்னும் குறிப்பு தோன்றிவிடுகிறது. 'நிறுத்தியது உண்மையானால்' என்று விரித்துச் சொன்னால், கதவு திறந்துகொள்ளுகிறது. நாம் விரும்பினால் அக்கருவிகளை எடுக்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். ஆங்கிலத்திலோ எடுத்தே தீரவேண்டும். வாயைத் திறக்குமுன்பே, 'இது கூடுமா, கூடாதா, எனக்குத் தெரியுமா, தெரியாதா' என்று சொல்லுபவன் முடிவு செய்துகொள்ளவேண்டும். வேறுபாடு அவ்வளவே.

இந்த அடிப்படை விளங்கியபின், நம் மாணவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் தவறுகள் இரண்டைத் திருத்திக்கொள்ளுவது எளிது.

'நாளை மழை பெய்தால்' என்பதற்கு, 'இஃப் இட் வில் ரெயின் டுமாரோ' என்று எழுதுவது முதல் தவறு. நாளை என்று வந்துவிட்டதால் 'வில்' வேண்டும் என்று மாணவன் எண்ணுகிறான். அப்போது அவன் தன் தாய்மொழியைக் கேட்டுப் பார்க்கட்டும். 'நாளை பெய்தால்' என்பதில் எதிர்கால இடைநிலை இல்லையே. 'நிரம்பும்' என்னும் முற்றுவினையில்தானே எதிர்காலம் இருக்கிறது! ஆங்கிலத்திலும் அப்படியே, 'வில்' முற்றுவினையோடு நிற்கும். 'இஃப்' இருக்கும் பகுதிக்குள் வாராது. ஒருவருடைய இசைவைக் கேட்கும்போது மட்டும், 'இஃப் யூ வில் வெயிட்' என்பதுபோல 'வில்' உள்ளே வருவதுண்டு. அங்கே அதற்கு எதிர்காலப் பொருள் இல்லை, 'மனமிசைந்தால்' என்பதே பொருள்.

'எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்' என்பதற்கு, 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் டோல்டு' என்று இரண்டிடத்தும் 'வுட் ஹேவ்' போடுவது இரண்டாவது தவறு. இதன் காரணமும் தமிழிலேயே இருக்கிறது. 'தெரிந்திருந்தால்', 'சொல்லியிருப்பேன்' என்று 'இரு' என்னும் துணைவினை இரண்டிடத்தும் வருவதால், ஆங்கிலத்திலும் ஒரே தொடரை இரண்டிடத்தும் வைக்க மாணவனின் கை போகிறது. ஆனால் நன்றாகப் பாருங்கள்: 'இருப்பேன்' என்பதில் எதிர்கால இடைநிலையாகிய பகரம் இருக்கிறது, 'இருந்தால்' என்பதில் தகரமே இருக்கிறது. தகரம் இருக்குமிடத்தில் ஆங்கிலத்துக்கு 'ஹேட்'. பகரம் இருக்குமிடத்தில் 'வுட் ஹேவ்'. 'வுட்' என்பது 'வில்' என்பதன் இறந்தகால உருவம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், இவ்விணை உங்களுக்கு மறக்காது.

படிகள் கலந்து வருவதும் உண்டு. 'அன்று ஒழுங்காகப் படித்திருந்தால் இன்று நான் வேலையில் இருப்பேன்' என்பதில், காரணம் கடந்த காலத்தது, விளைவு இன்றையது. ஆங்கிலத்தில் காரணப் பகுதி ஈரடி விலகி 'ஹேட் ஸ்டடீட்' என்றும், விளைவுப் பகுதி ஓரடி விலகி 'வுட் பீ' என்றும் அமையும். அடிகளை எண்ணத் தெரிந்தவனுக்கு இது புதிய விதியன்று, பழைய கணக்கே. அலுவலகக் கடிதங்களில் 'இஃப்' என்னும் சொல்லை விட்டுவிட்டு, 'ஹேட் ஐ நோன்' என்று வினையை முன்னால் வைத்துத் தொடங்குவதையும் காண்பீர்கள். வினா வாக்கியம் என்று மயங்கவேண்டா. 'எனக்குத் தெரிந்திருந்தால்' என்பதே அதன் பொருள்.

மாணவர்களே, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டில் பிறந்த இராஜாஜி, இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தந்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். பல மொழிகள் கலந்து வழங்கும் எல்லை மண்ணில் பிறப்பது, மொழித்திறனுக்குத் தடையன்று என்பதற்கு அவரே சான்று. இரண்டு மொழிகளை நன்கு கற்பவன், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளந்து பார்க்கக் கற்கிறான். அவ்வளவையில் அவனுடைய தாய்மொழியும் அவனுக்குப் புதுப்பொலிவோடு தோன்றுகிறது.

அடுத்த முறை நீங்கள் ஆங்கிலத்தில் 'இஃப்' என்று எழுதிப் பேனாவை நிறுத்தும்போது, எந்த வகை, எத்தனையாம் எண் என்று தேடவேண்டா. இரண்டே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லுவது எந்தக் காலத்துச் செய்தி? அது நடந்ததா, நடக்குமா, இல்லவே இல்லையா என்பதைப் பற்றி எனக்கு உள்ளபடி தெரிந்தது என்ன? முதற்கேள்விக்கு நாட்காட்டி விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு உங்கள் மனச்சான்றுதான் விடை சொல்லவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுத ஆங்கிலத்தில் ஓர் உருவம் இருக்கிறது. நடவாததை நடக்கவில்லை என்று எழுத மற்றோர் உருவம் இருக்கிறது. இரண்டையும் இடமறிந்து எழுதுங்கள். பிறரைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியிலும் அந்தக் கவனம் இருக்கட்டும்.